ஸ்ரீலங்கா என்றொரு குறிச்சொல்

1

எனக்கு அலுவலகத்தில் கேக் வெட்டிய அன்றுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஒஸ்லோவில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வேலைவாய்ப்பு அலுவலகம் என்று எங்கெல்லாம் நோர்வே மொழி தெரியாத ஒருவர் அதிகாரி முன்னால் உட்கார்ந்திருக்கிறாரோ, அங்கெல்லாம் மொழிபெயர்ப்பாளரை அனுப்பி வைப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். ஆரம்பத்தில் நானும் மொழிபெயர்ப்பாளராக பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் ஓடித் திரிந்தவள்தான். பிறகு அலுவலகத்துக்குள் ஒரு மேசை கிடைத்தது. யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிற கணினி மென்பொருளைக் கவனிக்கும் வேலை. ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நீ இனி வெளியிலை குளிருக்கை நிக்கத் தேவையில்லை" என்று மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டா.

என் மேலதிகாரி தூரிட் ஒரு சிறிய பேச்சுப் பேசினாள். நல்ல மனுசி. இங்கே மேலதிகாரியையும் பெயர் சொல்லி ஒருமையில்தான் அழைக்க வேண்டும். எனக்கு அது பழக இரண்டு வருடம் எடுத்தது. "வதனிக்கு முன்னால் எங்கள் குறிச்சொற்கள் ஒரே குழப்பமாக இருந்தன. இப்போது யாரும் எதையும் தேடி அலைவதில்லை" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை.

தொலைபேசியில் நகரின் கிழக்குப் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து ஒரு தாதி. பிறந்த குழந்தைகளை நிறுத்துப் பார்த்து ஊசி போடுகிற இடம். குரலை உயர்த்தாமல், இங்கத்தைய ஆட்கள் கோபப்படும்போது பேசுவதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"நாங்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தோம். நீங்கள் அனுப்பியவர் சிங்களம் பேசுகிறவர். அந்தத் தாய் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்."

2

குறிச்சொல் என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடையில் போத்தலில் ஒட்டுகிற சீட்டுப் போன்றதுதான். ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரின் பெயரிலும், வருகிற ஒவ்வொரு வேண்டுகோளிலும் சின்னச் சின்னச் சொற்களை ஒட்டி வைப்போம். தமிழ், பெண், ஆஸ்பத்திரி, இரவு வேலை சம்மதம் என்று. வேண்டுகோளில் உள்ள சொற்களும் ஆளின் பெயரில் உள்ள சொற்களும் பொருந்தினால் மென்பொருள் தானாகவே அந்த ஆளை அனுப்பிவிடும்.

பிரச்சினை என்னவென்றால், யாரும் எந்தச் சொல்லையும் உருவாக்கலாம் என்று விட்டிருந்தார்கள். ஒருவர் சோமாலி என்று ஒட்டியிருப்பார். மற்றவர் சோமாலியா என்று ஒட்டியிருப்பார். இன்னொருவர் எழுத்துப் பிழையோடு ஒட்டியிருப்பார். ஒரு பெண் ஊழியர் 'கவனம்' என்று ஒரு குறிச்சொல் உண்டாக்கிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டாள். அதை ஏன் ஒட்டினாள், எதில் கவனம் என்று கடைசிவரை எவருக்கும் தெரியவில்லை.

நான்தான் விதிகள் எழுதினேன். ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு எழுத்துக்கூட்டல். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதன் அர்த்தம் ஒரு வரியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பான ஒருவர் வேண்டும். புதுச்சொல் உண்டாக்கும் உரிமை ஓரிருவருக்கு மட்டும். இரண்டு சொற்களை ஒன்றாக்குவதற்கு முன்னர் அவற்றைப் பாவிக்கிற ஆட்களைக் கேட்க வேண்டும்.

கடைசி விதியை நான் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

நோர்வே மொழியில் இரண்டை ஒன்றாக்குவதற்கு 'ஸ்லோ சம்மன்' என்பார்கள். நேரே சொன்னால் 'சேர்த்து அடிப்பது'. வந்த புதிதில் இரண்டு பள்ளிக்கூடங்களைச் சேர்த்து அடிக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வாசித்துவிட்டுப் பயந்திருக்கிறேன்.

மென்பொருளில் அந்த வேலையைச் செய்து தந்தவர் செந்தில். சென்னைப் பக்கத்திலிருந்து வந்த பொறியியலாளர். முதல் நாள் என்னை மேடம் என்றார், இரண்டாம் வாரம் அக்கா என்றார். ஆமாம் என்பதற்கு நான் 'ஓம்' என்னும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும், "சாமி கும்பிடுற மாதிரி இருக்குக்கா" என்பார். அவர் "பண்ணிடலாம்" என்று சொன்னால் எனக்குச் சினிமா பார்ப்பது போல இருக்கும்.

கணக்கெடுத்துப் பார்த்தபோது 'தமிழ்' என்றும் 'ஸ்ரீலங்கா' என்றும் 'சிங்களம்' என்றும் தனித்தனியாக மூன்று சொற்கள் இருந்தன. கூட்டத்தில் தூரிட், சிறிய மொழிகளை எல்லாம் நாட்டின் பெயரில் ஒன்றாக்கிவிட்டால் பட்டியல் சுருங்கும் என்றாள். "ஸ்ரீலங்கா ஒன்று போதும், இல்லையா?" என்று சுற்றிப் பார்த்தாள். அந்த அறையில் விடை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் வாய் திறக்கவில்லை.

அது ஊரில் சண்டை கடுமையாகிக்கொண்டிருந்த காலம். அதற்கு முந்திய வாரம்தான் நோர்வே பாராளுமன்றத்துக்கு முன்னால் சண்டையை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலத்துக்குப் போவதற்கு அரைநாள் லீவு கேட்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி தேநீர் ஊற்றிக்கொண்டே, "உன்னோடு எதைக் கதைத்தாலும் கடைசியில் அரசியலில்தான் முடிகிறது" என்று சிரித்துச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அது எனக்குள் முள்ளாக நின்றது. இந்தக் கூட்டத்திலாவது நான் வெறும் வதனியாக, விதிகள் எழுதிய கெட்டிக்காரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தலையாட்டினேன்.

பின்னேரம் செந்தில் கேட்டார்.

"அக்கா, இதை மெர்ஜ் பண்றதுக்கு முன்னாடி ஒரு டவுட். அங்க ரெண்டு பாஷை இருக்குல்ல? தப்பா போயிடாதா?"

"பறவாயில்லை தம்பி. கீழை குறிப்பிலை மொழி என்னெண்டு எழுதச் சொல்லி விடுறன்."

"குறிப்பை மனுஷங்க படிப்பாங்க. சிஸ்டம் படிக்காதுக்கா."

"ஓம், தெரியும். பார்ப்பம்" என்றேன். மகளைத் தமிழ்ப் பள்ளி நாடகப் பயிற்சிக்குக் கூட்டிப் போக நேரமாகியிருந்தது. அவர் பொத்தானை அழுத்தினார். தமிழும் சிங்களமும் கண் முன்னாலேயே மறைந்து, ஸ்ரீலங்கா மட்டும் மிஞ்சியது. பட்டியல் பார்க்க அழகாக இருந்தது.

3

தாதி பேசி முடித்ததும் நான் தூரிட்டின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, இது என் பிழை என்றேன். கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தெரிந்திருந்தது என்றேன்.

தூரிட் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். "இது அமைப்பின் பிழை, வதனி. எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. நீ இதைத் தனிப்பட எடுக்கக் கூடாது."

யாராவது ஏசினால் நல்லாயிருக்கும் என்று அன்றைக்குத்தான் முதன்முறை நினைத்தேன். ஊரில் என் பழைய அலுவலகத்தில் என்றால் பெரியவர் கோப்புக்கட்டை மேசையில் எறிந்து, "உமக்கு மண்டைக்குள்ளை என்ன இருக்கு?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டிருப்பார். நான் அழுதிருப்பேன். பிறகு தேநீர் குடித்திருப்பேன். அதோடு கணக்குத் தீர்ந்திருக்கும். இங்கே ஒருவரும் குற்றம் சொல்வதில்லை. குற்றத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று தெரியாமல் அதையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

மறுநாள் நிமால் அலுவலகத்துக்கு வந்தார். அந்த மொழிபெயர்ப்பாளர் அவர்தான். ஐம்பதை நெருங்குகிற, மெலிந்த, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை அணிகிற மனுசன். எங்களுக்குள் பொது மொழி நோர்வே மொழிதான். ஒரே தீவில் பிறந்த இரண்டு பேர் இந்தக் குளிரான தேசத்தின் மொழியில் வானிலையைப் பற்றிக் கதைத்துக்கொள்வோம். அதற்கு மேல் போனதில்லை.

அன்று அவர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"நான் வணக்கம் சொன்னேன். என் மொழியில்தான் சொன்னேன், அதற்குத்தானே அனுப்பியிருந்தீர்கள். அவ எழும்பிவிட்டா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனா. ஜாக்கெட்டைக் கதிரையிலேயே விட்டுவிட்டா. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தைக்கும் தாய்க்கும் குளிருமே என்று ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்."

கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே தொடர்ந்தார்.

"நான் ஓட, அவ இன்னும் வேகமாக ஓடினா. படியில் திரும்பி என்னைப் பார்த்தா. அப்போதுதான் நான் யாராகத் தெரிகிறேன் என்று எனக்கு விளங்கியது. எனக்குத் தமிழில் கொஞ்சம்தான் தெரியும், சின்ன வயதில் பக்கத்து வீட்டில் கேட்டது. அதில் ஒன்றைச் சொன்னேன்."

"என்ன சொன்னீர்கள்?"

அவர் தமிழில், கவனமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "பயப்பட வேண்டாம்."

பிறகு நோர்வே மொழிக்கு மாறினார். "அதே சொற்களை எங்கள் ஆட்களில் வேறு யாரோ, இராணுவ உடுப்போடு, அவவிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்டதும் அவவுடைய முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். ஜாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவ அதை எடுக்கவில்லை. கடைசியில் தாதிதான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

"என் பெயரில் சிங்களம் என்று இருந்ததை நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்றார்கள். அதைத் திரும்பப் போட்டுவிடுங்கள். நான் மொழிபெயர்ப்பது அதில் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அதுவரை நான் அந்தத் தாயை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிழை ஒன்று, அடிபட்ட ஆள் இரண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

4

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து மகள் அபிராவுடன் சுரங்க ரயிலில் நாங்கள் இருக்கிற ரொம்மனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பதினான்கு வயது. தமிழ்ப் பள்ளி என்றால் பெரிய வேலை என்று முகத்தைச் சுளிப்பாள், ஆனாலும் நான் வற்புறுத்துவதால் வருவாள்.

"அம்மா, ஒரு பெபி வைச்சிருக்கிற அன்ரிக்குச் சிங்கள ஆளை அனுப்பினவையாம். டீச்சர் சொன்னவா, வேணுமெண்டு செய்தவங்களாம். அது உங்கடை யொப் இல்லையோ?"

யொப் என்றால் வேலை. கதை அதற்குள் தமிழ்ப் பள்ளிவரை வந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்குள் ஒரு செய்தி ரயிலைவிட வேகமாகப் போகும்.

யாருக்கு நடந்தது என்பதைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது, தொழில் அப்படி. ஆனால் மற்றதைச் சொல்லலாம்.

"வேணுமெண்டு ஒருத்தரும் செய்யேல்லை பிள்ளை. பிழை நடந்தது. அந்தப் பிழையை விட்டது நான்தான்."

அவள் காதிலிருந்த பாட்டுக் கம்பியைக் கழற்றினாள். நான் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரி சொன்னதையும் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சொல்லேல்லை? வெட்கமோ?"

"களைப்பு எண்டு நினைக்கிறன். எந்த நாளும் விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி."

"நானும் அப்பிடித்தான்" என்றாள் சாதாரணமாக. "கிளாஸிலை எங்கை இருந்து எண்டு கேட்டா, ஸ்ரீலங்கா எண்டு சொல்லிட்டு விட்டிடுவன். தமிழ் எண்டு சொன்னா அது எந்த நாடு எண்டு கேப்பினம். பிறகு எல்லாத்தையும் சொல்ல வேணும். எனக்கு நேரமில்லை."

இதே வார்த்தையை அவள் ஒரு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் நான் ஏசியிருப்பேன். பெரிய பிரசங்கமே வைத்திருப்பேன். அன்று ஏச எனக்கு என்ன தகுதி இருந்தது? ஜன்னலில் எங்கள் இருவரின் முகமும் தெரிந்தது. "ஓம்" என்று மட்டும் சொன்னேன். அவள் மறுபடியும் பாட்டுக் கம்பியைக் காதில் மாட்டவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

5

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நானாகவே கை உயர்த்தினேன். இரண்டும் இரண்டு மொழி, எழுத்துக்கூட வேறு, ஒன்று தெரிந்தவருக்கு மற்றது விளங்காது என்றேன். சண்டையைப் பற்றியும் இரண்டு வரி சொன்னேன். பக்கத்து மேசைக்காரி குனிந்து தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று தூரிட் கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எப்போதும் சொல்கிறவள் நான்தான் என்பதால்" என்றேன்.

அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "அப்படியென்றால் கேட்காமல் விட்டது நான்" என்றாள்.

உடனே பிரித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். செந்தில் தலையைச் சொறிந்தார்.

"மெர்ஜ் பண்ண ஒரு பட்டன் போதும்க்கா. பிரிக்கிறதுக்கு பட்டன் கிடையாது. எது முன்னாடி தமிழா இருந்துச்சு, எது சிங்களமா இருந்துச்சுன்னு அதுக்கு ஞாபகம் இல்ல. எல்லாமே இப்ப ஸ்ரீலங்காதான்."

ஆகவே ஒவ்வொன்றாக. பழைய வேண்டுகோள்களைத் திறந்து பார்த்தோம். பெயரை வைத்து ஊகிக்கலாமா என்று செந்தில் கேட்டார். வேண்டாம் என்றேன், ஊகித்ததெல்லாம் போதும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். நீங்கள் எந்த மொழி பேசுகிறீர்கள் என்று, பல வருடம் பழகிய ஆட்களிடமே கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "என்ன வதனி, என்னையே தெரியேல்லையோ?" என்று கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டார். நிமாலின் பெயரில் சிங்களம் என்பதை என் கையாலேயே போட்டேன்.

வேலை இரண்டு வாரம் இழுத்தது; செந்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட எழும்பவில்லை. ஒருநாள் குறொன்லாண்டுத் தமிழ்க் கடையில் வாங்கின இடியப்பத்தையும் சொதியையும் அவருக்குக் கொடுத்தேன். "இந்த மஞ்சள் குழம்பு எங்க ஊர்ல கிடையாதுக்கா, ஆனா நல்லாருக்கு" என்று சாப்பிட்டார். அவர் அன்றைக்கு என்னிடம் கேட்ட கேள்வியை ஒருநாளும் திருப்பி நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விதிகளில் புதிதாகச் சேர்த்தேன். ஒன்றாக்குவதற்கு முன் பழையபடி திரும்ப வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொழி கேட்கிற இடத்தில் நாட்டின் பெயரை ஒட்டக் கூடாது. மென்பொருள் படிக்காத குறிப்பை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. பாவிக்கிறவர்களைக் கேட்க வேண்டும் என்ற பழைய விதியின் கீழ், 'கேட்காவிட்டாலும் அவர்கள் சொல்ல வேண்டும்' என்று எழுதிப் பார்த்தேன். நிறுவன விதி மாதிரி இல்லை என்று பிறகு அழித்துவிட்டேன்.

6

இதற்கிடையில் ஒருநாள், அந்தத் தாய் சுகாதார நிலையத்துக்கு வர மறுத்துவிட்டா என்று தாதி மறுபடி அழைத்துச் சொன்னாள். வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசச் சம்மதம், மொழிபெயர்ப்பாளர் தமிழ்ப் பெண்ணாக இருந்தால் மட்டும். அன்று காலை எங்களுடைய தமிழ்ப் பெண்களில் ஒருவர்கூட ஓய்வாக இல்லை. எல்லோரும் ஆஸ்பத்திரிகளில் இருந்தார்கள்.

தூரிட் என்னைப் பார்த்தாள். "உன்னால் முடியுமா? நீ இதில் சம்பந்தப்பட்டவள். முடியாது என்றால் நான் நாளை மாற்றிவைக்கச் சொல்கிறேன்."

குழந்தை பால் குடிப்பதில்லை என்று தாதி சொல்லியிருந்தாள். நாளை என்று எப்படிச் சொல்வது? எடுத்துக்கொண்டேன்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கண்டிப்பான நடைமுறை உண்டு. இரண்டு பக்கமும் சொல்வதை அப்படியே, 'நான்' என்றே சொல்ல வேண்டும். சொந்தமாக ஒன்றும் சேர்க்கக் கூடாது, ஒன்றும் விடக் கூடாது. பத்து வருடத்துக்கு முன் படித்தது, மறக்கவில்லை.

வணக்கம் சொன்னேன். மறுமுனையில் "வணக்கம் அக்கா" என்று ஒரு இளம் குரல் கேட்டது. சண்டை நடந்துகொண்டிருந்த வன்னிப் பக்கத்துப் பேச்சு. பின்னால் குழந்தை சிணுங்கியது.

தாதி முதலில் நோர்வே மொழியில் மன்னிப்புக் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்: "அண்டைக்கு நடந்ததுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். உங்களைப் பயப்படுத்திப்போட்டம். எனக்குச் சரியான கவலையா இருக்கு."

அது தாதியின் வாக்கியம். ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் குரல் என் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை.

அவ குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்த ஆளை ஆர் அனுப்பினது எண்டு ஒருக்காக் கேளுங்கோ" என்றா.

நான் அதை நோர்வே மொழியில் கேட்டேன். யார் அனுப்பியது என்று என் வாயாலேயே கேட்டேன். தாதி யோசித்துவிட்டுப் பதில் சொன்னாள். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒருத்தரும் வேணுமெண்டு அனுப்பேல்லை. அது கொம்பியூட்டர் விட்ட பிழை."

"கொம்பியூட்டரோ" என்றா அவ. கோபமில்லாமல், களைத்துப்போன குரலில். "ஓம், அதுக்கு எங்களை எப்பிடித் தெரியும்? தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் அங்கை இல்லைப்போலை."

நான் அதையும் அப்படியே சொன்னேன். சொல்லாமல் விட நடைமுறை இடம் தராது. தாதி, "ஆமாம், வருந்துகிறேன்" என்றாள். நான் இரண்டு மொழியிலும் இருந்தேன், ஒன்றிலும் நான் இல்லை.

அதன் பிறகு குழந்தையைப் பற்றிப் பேசினார்கள். இரவில் தனக்கு நித்திரை வருவதில்லை, வெடிச்சத்தம் கேட்பது போல இருக்கிறது, நெஞ்சில் பால் குறைந்துவிட்டது என்று அவ சொன்னா. அன்றைக்கு இதைச் சொல்லத்தான் வந்ததாகச் சொன்னா. தாதி பொறுமையாகக் கேட்டாள். பால்மா எப்படிக் கரைப்பது, எத்தனை தரம் கொடுப்பது என்று சொன்னாள். தாய்க்கும் ஒரு வைத்தியரைப் பார்க்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னாள். பேசப் பேச அந்தக் குரல் கொஞ்சம் இளகியது. ஒருமுறை குழந்தை தும்மியதும் சிரித்துக்கூட விட்டா.

அடுத்த செவ்வாய்க்கிழமை நேரில் வர முடியுமா என்று தாதி கேட்டாள்.

"வாறன்" என்றா. பிறகு தயங்கி, "இந்த அக்காதானே வருவா?" என்று கேட்டா.

நான் அதை நோர்வே மொழியில் மொழிபெயர்த்தேன். தாதி சிரித்துக்கொண்டே, "அதை நீயே சொல்ல வேண்டும், என்னிடம் பதில் இல்லை" என்றாள்.

வேறு நல்ல ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் முறையும்கூட. அவவுக்கு எதிரே உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்குமா என்று தெரியவில்லை. அறையின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தூரிட் நின்றுகொண்டிருந்தாள்.

"வருவன் தங்கச்சி" என்றேன். "வந்து உங்களோடை ஒரு விசயம் கதைக்கவும் வேணும்."

அந்த அழைப்பில் நான் சொந்தமாகச் சொன்னது அது மட்டும்தான்.